லைல் போட்ட பாலம்

லைல் டெட்லாஃப் தன் பள்ளித் தோழரைப் பாலத்திலிருந்து தள்ளிக் கொன்றுவிட்டார் என்று நான் முதலில் கேள்விப்பட்டது பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் மல்லாந்து கிடந்தபோது. சொன்னவள் பல் சுத்தம் செய்யும் டாரீன். அவளுக்கு அவளுடைய அக்கா புருஷன் சொன்னானாம். அவனுக்கு யார் சொன்னார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

"தள்ளலைன்னும் சொல்றாங்க. இல்லாத பாலத்தைக் காட்டி நடந்து போடான்னு விட்டுட்டாராம். ஆள் காலி. இதுல என்ன கூத்துன்னா, அடுத்த சனிக்கிழமை ஒண்ணும் நடக்காத மாதிரி வந்து அதே நாற்காலியில உக்காந்துக்கிட்டாராம். வாயை இன்னும் கொஞ்சம் தொறங்க."

வாயில் குழாய் இருந்ததால் நான் எதையும் கேட்க முடியவில்லை. இல்லையென்றால் போலீஸ் என்ன செய்தது என்றாவது கேட்டிருப்பேன். அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லைல் டெட்லாஃப் உட்காரும் அதே மேசைக்கு நானும் போவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை.

என்னை அழைத்தவர் மார்லிஸ் கோல்பெக். எங்கள் ஊர் கால்நடை மருத்துவமனையின் முன்மேசையில் இருப்பவர். பூனைக்கு ஊசி போடப் போன இடத்தில் பழக்கமானார். அவருடைய வீட்டு நிலவறையில் பதினோரு வருடமாக ஓர் ஆட்டம் நடக்கிறது. ஆளுக்கொரு தாளில் ஒரு வீரனையோ மந்திரவாதியையோ எழுதி வைத்துக்கொண்டு, பகடை உருட்டி, வாயாலேயே ஒரு கதைக்குள் நடந்து போகிற ஆட்டம். கதையை நடத்துபவர் மார்லிஸ். எதிரிகள், மழை, படிக்கட்டு, பசி எல்லாம் அவர் பொறுப்பு. மேசையில் மார்லிஸின் கணவரும் கணவரின் தம்பியும் உண்டு. இந்தக் கதையில் அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில்தான் என்னை உட்கார வைத்தார்கள்.

எனக்கு முன்னால் மேசை மேல் ஒரு பாலாடைக்கட்டி டப்பா கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கை வைக்க இடமில்லையே என்று அதை நகர்த்தப் போனேன்.

"அதைத் தொடாதப்பா," என்றார் மார்லிஸ். "அடியில டுவேனோட பகடை இருக்கு."

"எடுத்து வெச்சுடலாமே?"

"அடுத்தவன் பகடையை நாங்க தொடுறதில்லை. அவன் வந்து உருட்டுற வரைக்கும் அது அங்கதான் இருக்கும்."

எதிரில் இருந்த மெலிந்த மனிதர் தன் தாளை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. அவர்தான் லைல். கொலைகாரர் ரொட்டித்துண்டின் ஓரங்களை நறுக்கி எடுத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

செத்தது மனிதரல்ல, ஒரு தாள் என்பது பத்து நிமிடத்தில் எனக்குப் புரிந்தது. உண்மையில் அந்தத் தாளும் சாகவில்லை என்று புரிய ஒரு மாதம் ஆயிற்று.

லைலுக்கு ஐம்பத்து மூன்று வயது. பள்ளி நிர்வாக அலுவலகத்தில் பேருந்துகளுக்கு வழி வகுத்துக் கொடுக்கும் வேலை. முப்பத்தொரு பேருந்துகள். ஓரிடத்தில் எதிரே வரும் வண்டிகளுக்காகக் காத்து நின்று இடப்பக்கம் திரும்புவதைத் தவிர்த்தால் நாற்பது விநாடி மிச்சம். அந்த நாற்பது விநாடியும் ஜனவரிக் காற்றில் ஒரு பிள்ளை நிற்கும் நேரத்திலிருந்து குறையும். இதை அவர் பெருமையாகச் சொல்ல மாட்டார். வரைபடத்தை விரித்துக் காட்டுவார். நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதே மூளையோடுதான் அவர் ஃபென்விக்கையும் உருவாக்கியிருந்தார். ஃபென்விக் அவருடைய மந்திரவாதி. தீப்பந்து வீசத் தெரியாதவன். இல்லாததை இருப்பதாகக் காட்டுவது மட்டுமே அவன் வித்தை. இந்த ஆட்டத்தில் அப்படிப்பட்ட மந்திரவாதியைப் பலமானவனாக்குவது கடினம் என்று எல்லோரும் சொல்வார்கள். காட்டிய பொய்யை எதிரி நம்புவானா மாட்டானா என்பது பாதி பகடையிலும் பாதி கதை நடத்துபவரின் மனதிலும் இருக்கிறது. லைல் இரண்டையும் பிழிந்து எடுத்தார். தாளில் பலம், வேகம், அறிவு என்று பிரித்துப் போடும் புள்ளிகளையெல்லாம் அறிவில் கொட்டினார். அறிவு கூடினால் பொய்யைக் கண்டுபிடிப்பது எதிரிக்குக் கடினமாகும். உதடு அசையாமல், கை அசையாமல் மந்திரம் போடும் திறமையை வாங்கினார். பிறகுதான் அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு.

"புதுசா சேர்றவன் முதல்ல டிராகனைக் காட்டுவான்," என்று எனக்கு ஒருமுறை சொன்னார். "டிராகனைப் பாத்தா எவனும் ரெண்டாவது தடவை பாப்பான். ரெண்டாவது தடவை பாத்தா மாட்டிக்குவோம். அதனால யாரும் சரிபார்க்கத் தோணாததைக் காட்டணும். மூடின கதவு. ஈரத் தரை. ஓரமா கிடக்கிற பீப்பாய்."

மூடிய கதவு ஒன்றைக் காட்டியே ஒரு முழுப் படையை வேறு வழியில் அனுப்பியிருக்கிறான் ஃபென்விக். அவன் காட்டிய பொய்களையெல்லாம் லைல் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். நாற்பதில் முப்பத்தாறு முறை எதிரி நம்பியிருக்கிறான்.

முப்பத்தாறுக்குக் காரணம் இன்னொன்றும் உண்டு. மார்லிஸ் நேர்மையானவர். எதிரிக்கு என்ன தெரியுமோ அதை வைத்துத்தான் முடிவு செய்வார். ஆனால் இல்லாத சுவர் வழியாக நம் ஆட்கள் அலட்சியமாக நடந்து போனால் எதிரியும் அதைப் பார்ப்பான் அல்லவா? எனவே லைல் நம் ஆட்களுக்கும் சொல்வதை நிறுத்திவிட்டார். காட்டப்போகும் பொய்யை ஒரு நீல அட்டையில் எழுதி, மடித்து, மார்லிஸிடம் மட்டும் நீட்டுவார். மேசையில் மற்றவர்களுக்கு அந்தச் சுவர் சுவர்தான். அவர்கள் உண்மையாகவே பயந்தார்கள், உண்மையாகவே ஓடினார்கள். வெளியே வந்த பிறகு எல்லோரும் சிரித்து லைலைத் திட்டுவார்கள். பல வருடம் அது அந்த மேசையின் சந்தோஷமாகவே இருந்தது.

மார்ச் மாதம் நடந்ததை மார்லிஸ்தான் எனக்குச் சொன்னார்.

டுவேன் வாண்டர்ஹே மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுபவர். ஏழாம் வகுப்பிலிருந்து லைலின் நண்பர். அவர் ஆடியது கிரெட்டா என்ற கேடயக்காரி. கிரெட்டா எப்போதும் கடைசியில் நிற்பாள். மற்றவர்கள் தப்பும் வரை வாசலை அடைத்துக்கொண்டு அடி வாங்குவாள். அவளுக்காகப் பேசும்போது டுவேன் தொண்டையை இறுக்கிக்கொண்டு, மாடு கனைப்பது போல ஒரு குரலில் பேசுவார். காபி எடுக்க மேலே போன மார்லிஸின் கணவர் அங்கிருந்தே அந்தக் குரலுக்குச் சிரிப்பாராம்.

அன்று பின்னால் அறுபது பேர் துரத்தி வருகிறார்கள். முன்னால் இருநூறு அடிப் பள்ளம். ஓரமாக ஒரு குறுகிய படிக்கட்டு கீழே இறங்குகிறது. லைல் நீல அட்டையை நீட்டினார். பள்ளத்தின் குறுக்கே ஒரு கல் பாலம். துரத்துகிறவர்கள் பாலத்தில் ஏறி விழுவார்கள், நம் ஆட்கள் படிக்கட்டில் இறங்கிவிடுவார்கள், கிரெட்டா வழக்கம்போல் கடைசியில் நிற்பாள். இதுதான் லைலின் கணக்கு.

ஆனால் அன்று மார்லிஸின் மைத்துனர் ஆடிய வீரன் படிக்கட்டில் மாட்டிக்கொண்டு வழியை அடைத்துவிட்டான். இறங்க வழி இல்லை. டுவேன் தாளிலிருந்து நிமிர்ந்து எதிரே பார்த்துக் கேட்டார்.

"லைல், அந்தப் பாலம் நெஜமாடா?"

லைல் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"இங்கேர்ந்து பாத்தா கெட்டியாத்தான் தெரியுது," என்றார்.

டுவேன் கிரெட்டாவைப் பாலத்தில் ஓட விட்டார். மார்லிஸ் நீல அட்டையை விரித்துக் காட்டினார். இருநூறு அடி விழுந்தால் எவ்வளவு காயம் என்று அறிய இருபது பகடை உருட்ட வேண்டும். டுவேன் பகடைகளை எண்ணி எடுத்து மேசையில் வைத்தார். பிறகு உருட்டாமல் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மார்லிஸ் டப்பாவைக் கவிழ்த்து மூடினார். அந்தக் கதை அன்றோடு நின்றது. நான் சேர்ந்தபோது அவர்கள் வேறொரு சின்னக் கதையை ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் லைல் கத்தி வீசும் ஒருவனை வைத்து, ஏதோ கடமைக்கு ஆடினார். அந்தப் பெரிய கதையில் கிரெட்டா விழுந்துகொண்டே இருந்தாள், என் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில்.

டுவேன் பிறகு எதுவும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் கோபத்தை யாரும் வாயால் சொல்வதில்லை. ஏப்ரல் முதல் வாரம் கடைசிப் பனி விழுந்தது. பனி தள்ளும் லாரி போகும்போது ஒவ்வொரு வீட்டு வாசல் பாதைக்கும் குறுக்கே ஒரு பனிக்கரை விழும். அதை வீட்டுக்காரர்தான் அள்ள வேண்டும். லைல் வீட்டு முன்னால் மட்டும் பத்தொன்பது வருடமாக அந்தக் கரை விழுந்ததில்லை. டுவேன் அங்கே வந்ததும் லாரியின் முன்னால் உள்ள தகட்டைச் சாய்த்து, பனியை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டுப் போவார். அந்த ஏப்ரலில் லைல் வாசலில் முழங்கால் உயரத்துக்குக் கரை கிடந்தது. லைல் அதை அள்ளிவிட்டு வேலைக்குத் தாமதமாகப் போனார். ஏன் என்று அலுவலகத்தில் சொல்லவில்லை.

ஒவ்வொரு வருடமும் டுவேன் கொண்டுவந்து கொடுக்கும் மான்கறி சாசேஜில் மார்லிஸின் உறைபெட்டியில் ஒரு பொட்டலம் மிச்சம் இருந்தது. அதை யாரும் பிரிக்கவில்லை.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, ஆட்டம் முடிந்து நாற்காலிகளைத் தள்ளும்போது, லைல் ஒரு தாளை மார்லிஸிடம் காட்டினார்.

"கிரெட்டா சாக மாட்டா, மார்லிஸ். அவகிட்ட எண்பத்தோரு உயிர்ப்புள்ளி மிச்சம் இருந்துச்சு. இருபது பகடைக்குச் சராசரி எழுபதுதான். நூறு தடவை விழுந்தா எட்டு ஒம்போது தடவைதான் சாவா. யாராவது டுவேன்கிட்ட இதைச் சொன்னா வந்து உருட்டிடுவான்."

மார்லிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்பா, அவனுக்குக் கணக்குத் தெரியாதுன்னா நெனைக்கிற? பகடையை எண்ணி வெச்சானே, அப்பவே அவனுக்குத் தெரியும். கிரெட்டா சாக மாட்டான்னு தெரிஞ்சுதான் எழுந்து போனான்."

"அப்ப எதுக்குக் கோவம்?"

"பாலத்தைப் பத்தி உன்கிட்டக் கேட்டது யாரு? கிரெட்டாவா, டுவேனா?"

லைல் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு," என்றார் மார்லிஸ். "விழுறவனை இறகு மாதிரி மிதக்க வைக்கிற மந்திரம் ஒண்ணு இருக்கு. முந்தாநாள் மந்திரம் படிக்க ஆரம்பிச்ச பொடியன்கூட வெச்சிருப்பான். நீ அதைப் பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அடிச்சுட்டு, அந்த இடத்துல இன்னொரு பொய்யை எழுதிக்கிட்ட. நல்லா மெருகேத்தினே போ."

அடுத்த சனிக்கிழமை நான் வீட்டிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுபோய் மேசையின் மூலையில் போட்டு உட்கார்ந்தேன். முதுகு வலிக்கிறது, இதுதான் வசதி என்றேன். யாரும் நம்பவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவும் இல்லை. டப்பாவுக்குப் பின்னால் நாற்காலி மறுபடி காலியாயிற்று.

நவம்பரில், மான் வேட்டை தொடங்குவதற்கு மூன்று நாள் முன்னால் புதன்கிழமை இரவு, அந்தப் பருவத்தின் முதல் பெரிய பனி. காலையில் என் வாசலில் இடுப்பளவு கரை. அதை அள்ளிக்கொண்டிருந்தபோது லைல் போன் செய்தார். அவர் எனக்கு அதற்கு முன் போன் செய்ததே இல்லை. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"அன்பு, உன் வீட்டு முன்னாடி கரை இருக்கா?"

"இருக்குங்க. மலை மாதிரி இருக்கு."

"பக்கத்து வீட்டுல?"

"அங்கேயும் இருக்கு."

அவர் ஜன்னல் திரையை விலக்கும் சத்தம் போனில் கேட்டது.

"எங்க வீட்டுல இல்ல," என்றார். "துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு."

"வேற டிரைவரா இருக்கலாமே?" வாயிலிருந்து வந்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எதிலும் கெட்டதை முதலில் பார்க்கிற புத்தி எனக்கு.

"இந்தச் சாலை யாருதுன்னு எனக்குத் தெரியும். என் பஸ்ஸெல்லாம் அவன் லாரிக்குப் பின்னாடிதான் போகுது." பிறகு சொன்னார்: "சனிக்கிழமை வா. மத்தியானத்துக்கு முன்னாடி வா. ஒண்ணு காட்டணும்."

வேட்டை தொடங்கும் சனிக்கிழமை எங்கள் ஊரில் ஆண்கள் பாதிப்பேர் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு வடக்கே காட்டில் இருப்பார்கள். மார்லிஸே துப்பாக்கியோடு போய்விடுவார். ஆட்டம் கிடையாது. நானும் லைலும் மட்டும்தான் மிச்சம்.

அவருடைய சமையலறை மேசையில் ஃபென்விக்கின் தாள்கள் இரண்டு இருந்தன. பழையதும் புதியதும். புதியதை என் பக்கம் திருப்பி வைத்தார்.

உதடு அசையாமல் மந்திரம் போடும் திறமையை அடித்திருந்தார். அந்த இடத்தில் இறகு மந்திரம். கீழே பென்சிலால் ஒரு வரி: ஒவ்வொரு பொய்யையும் காட்டும் முன் ஃபென்விக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிவான். எல்லோரும் பார்க்கும்படி.

"எதிரியும் பாப்பானே," என்றேன்.

"பாப்பான். பழைய நோட்டுல இருக்கிற நாப்பதையும் புதுசா உருட்டிப் பாத்தேன். முன்ன முப்பத்தாறு. இப்ப இருபத்திரண்டு. நான் உருவாக்கினதிலேயே மட்டமான மந்திரவாதி இவன்தான்."

"அப்ப நாம எல்லாம் சாவோமா?"

"அடி ஜாஸ்தி படும். ஆட்டத்துல நீதான் காயத்தை ஆத்துற வைத்தியன். சம்பளத்துக்கு வேலை செய்."

அவர் சிரித்ததை நான் பார்த்தது அதுவே முதல் தடவை. பிறகு புதிய தாளைத் தள்ளி வைத்துவிட்டு, அடியிலிருந்து ஒரு நீல அட்டையை எடுத்தார். மடிக்கவில்லை.

"இது மார்லிஸுக்கு இல்ல. டுவேனுக்கு. போன்ல வாய் கொழறுமேன்னு எழுதி வெச்சிருக்கேன். கேளு, சரியா இருக்கான்னு சொல்லு."

பேருந்து அட்டவணை வாசிப்பது போல வாசித்தார்.

"டுவேன், நான் லைல் பேசறேன். அன்னிக்கு நீ கேட்டப்ப கிரெட்டா குரல்ல கேக்கலை. உன் சொந்தக் குரல்ல கேட்டே. அது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் ஃபென்விக் மாதிரி பதில் சொன்னேன். முப்பத்தேழு ஆக்கணும்னு ஆசை. உன் மூஞ்சியில சந்தேகம் வந்துட்டா அறுபது பேரும் நின்னுடுவாங்கன்னு கணக்குப் போட்டேன். கணக்குக்கு உன் மூஞ்சியை எடுத்துக்கிட்டேன். அது தப்பு. பகடை அங்கேயே இருக்கு. யாரும் தொடலை."

அட்டையைக் கீழே வைத்தார்.

"கடைசியில வான்னு ஒரு வார்த்தை போடலாமே," என்றேன்.

"போட்டேன். அடிச்சுட்டேன். வான்னா அவன் வரமாட்டான். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

"பனியைத் தள்ளினதுக்கு நன்றியாவது?"

"அதைச் சொன்னா அடுத்த பனிக்கு கரையோட விட்டுட்டுப் போவான்." கொஞ்சம் யோசித்தார். "விட்டாலும் பரவாயில்லை."

பன்னிரண்டு மணி. காலையிலிருந்து மரத்தின் மேல் பலகையில் உறைந்து உட்கார்ந்திருப்பவர்கள் சூடாக எதையாவது தின்னக் குடிலுக்குள் வரும் நேரம். டுவேனும் வடக்கே தன் வேட்டைக் குடிலில்தான் இருந்தார்; அங்கே கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. டுவேனின் அப்பா காலத்து மஞ்சள் போன் ஒன்று அடுப்புக்கு மேல் சுவரில் தொங்குகிறது. அந்த எண்ணை லைல் எங்கும் பார்க்காமல் அழுத்தினார். ஒலிபெருக்கியைப் போட்டு, போனை இரண்டு ஃபென்விக்குகளுக்கும் நடுவில் வைத்தார்.

அடித்தது. கம்பிவழிப் போனின் பழைய, நீளமான ஒலி. மூன்று, நான்கு.

"பூட்ஸ் கழட்டறதுக்கே அஞ்சு நிமிஷம் ஆகும் அவனுக்கு," என்றார் லைல்.

ஏழு. எட்டு. ஒருவேளை டுவேன் மானைப் பின்தொடர்ந்து தூரமாகப் போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. போன் வயர் அறுந்திருக்கலாம், இல்லை அவர் குடிலுக்குள் நின்று அடிக்கும் போனையே பார்த்துக்கொண்டிருக்கலாம். எதையும் சொல்லவில்லை. ஜன்னல் வழியே வாசல் பாதை தெரிந்தது, சாலை வரை சுத்தமாக.

பதினொன்று. லைல் நீல அட்டையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு முதல் வரியில் கண்ணை வைத்திருந்தார். போன் அடித்துக்கொண்டிருந்தது.